டிசம்பரில் யாருக்கும் வேண்டாத ஆள்

நவம்பர் முதல் வாரத்தோடு பேஸ்பால் முடிந்துவிடும். அடுத்த பந்து வீசப்படுவது பிப்ரவரிக் கடைசியில், ஃப்ளோரிடாவிலோ அரிசோனாவிலோ, எந்தக் கணக்கிலும் சேராத ஒரு பயிற்சி ஆட்டத்தில். நடுவில் கிடக்கும் மூன்றரை மாதத்தில் ஆட்டம்தான் இல்லையே தவிர, பேச்சு இரட்டிப்பாகும். யாரைக் கொடுத்து யாரை வாங்கப்போகிறார்கள், எந்த ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடியவர்) எந்த ஊர் விமான நிலையத்தில் தென்பட்டார், எந்த அணி தன் மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள படிகள்) பையன்களில் யாரை விட்டுக்கொடுக்கத் தயார் என்று வதந்திக்கு மேல் வதந்தி. முக்கால்வாசி பொய்யாகும். அது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் படிப்போம். 2023 டிசம்பர் 8 அன்று ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓடானி டொராண்டோவுக்குப் பறந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு செய்தி கிளம்பியது. கலிஃபோர்னியாவிலிருந்து போன ஒரு தனி விமானத்தை ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் பின்தொடர்ந்தார்கள். விமானம் இறங்கியது, கதவு திறந்தது, உள்ளே இருந்தவர் கனடாவின் தொழிலதிபர் ராபர்ட் ஹெர்ஜவெக். ஓடானி மறுநாள் தன் இன்ஸ்டாகிராமில் டாட்ஜர்ஸ் அணியில் சேர்வதாக அறிவித்தார். பத்து ஆண்டு, 70 கோடி டாலர்.

நான் பாஸ்டனுக்கு மேற்கே, வெஸ்ட்பரோ பக்கம் இருக்கிறேன். டிசம்பரில் இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். அலுவலகச் சாப்பாட்டு அறையில் வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது. ஆகவே பேஸ்பால் பேசுவோம். என்னைவிட இருபது வயது மூத்த ஒரு சக ஊழியர், உஸ்டரில் பிறந்து வளர்ந்தவர், அப்பா தாத்தா காலத்திலிருந்து பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸின் ரசிகக் குடும்பம். ஒரு குளிர்காலத்தில் பெரிய பேட்டர் ஒருவரை ரெட் சாக்ஸ் வாங்கப்போவதாக வதந்தி. பதிலுக்கு இரண்டு நல்ல பிராஸ்பெக்ட்டுகளை, அதாவது இன்னும் மேலே வராத இளம் வீரர்களை, கொடுக்க வேண்டியிருக்கும். எனக்குச் சரியான வியாபாரமாகத்தான் பட்டது. அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, "வேண்டாம். அவன் ஜூனில் அடிப்பான். அக்டோபரில் கை நடுங்கும்" என்றார். அக்டோபர் என்றால் கோப்பையைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் மாதம். இக்கட்டான நேரத்தில் தன் வழக்கத்தைவிட நன்றாக அடிப்பதைக் கிளட்ச் என்பார்கள். கிளட்ச் என்று தனியாக ஒரு திறமை கிடையாது, ஐம்பது வருஷமாகத் தேடியும் யாருக்கும் சரியாகக் கிடைக்கவில்லை என்று நான் ஆரம்பித்தேன். அவர் ஒரே சொல்லில் முடித்தார்: "ஓர்ட்டிஸ்."

டேவிட் ஓர்ட்டிஸ், ரெட் சாக்ஸின் இக்கட்டு நேர நாயகன். மாசசூசெட்ஸில் அந்தப் பெயருக்கு அப்புறம் வாதம் நடக்காது. சேப்பாக்கத்தில் கடைசி ஓவர் பற்றி வாயைத் திறக்கும்போது தோனி பெயர் வந்தால் என்ன ஆகுமோ, அதேதான். நானும் அன்றைக்கு விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஒற்றைச் சொல் உள்ளே உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. ஏனென்றால் டேவிட் ஓர்ட்டிஸின் கதையை எடுத்துப் பார்த்தால், அது அவர் பக்கத்து சாட்சியா என் பக்கத்து சாட்சியா என்றே எனக்குப் புரியவில்லை.

ஆறு வருஷ இடைவெளியில் இரண்டு முறை

1996 ஆகஸ்ட் கடைசியில் சியாட்டில் மரினர்ஸுக்கு மூன்றாம் பேஸில் நிற்க ஓர் ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. மின்னசோட்டா ட்வின்ஸிடமிருந்து டேவ் ஹாலின்ஸை வாங்கினார்கள். பதிலுக்கு என்ன? 'பெயர் பின்னர் தெரிவிக்கப்படும் வீரர்'. பேஸ்பாலில் இது சாதாரணம். இரண்டு தரப்பும் ஒரு சின்னப் பட்டியலை வைத்துக்கொண்டு, கொஞ்ச நாள் கழித்து அதிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்வார்கள். செப்டம்பரில் தெரிவிக்கப்பட்ட அந்தப் பெயர் டேவிட் அரியாஸ். விஸ்கான்சினில், ஏ நிலை மைனர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த இருபது வயது டொமினிகன் பையன். மின்னசோட்டா வந்த பிறகு, தன்னை டேவிட் ஓர்ட்டிஸ் என்று கூப்பிடச் சொன்னான். ஹாலின்ஸ் சியாட்டிலில் .351 அடித்தார், அதாவது நூறு முயற்சிக்குச் சுமார் 35 ஹிட். அணி பிளேஆஃபுக்குப் போகவில்லை. சீசன் முடிந்ததும் ஹாலின்ஸ் ஃப்ரீ ஏஜென்ட்டாகக் கிளம்பிப் போய்விட்டார்.

இது முதல் தடவை. இரண்டாவது தடவை இன்னும் மோசம். 2002இல் ட்வின்ஸுக்காக ஓர்ட்டிஸ் 20 ஹோம் ரன் (வேலியைத் தாண்டிப் போகும் அடி) அடித்தார். அடுத்த வருஷம் சம்பளம் கூடும். அதைக் கொடுக்க அணிக்கு மனமில்லை. மாற்றிக்கொள்ள ஆள் தேடினார்கள். யாரும் ஒரு பையனைக்கூடக் கொடுக்க முன்வரவில்லை. டிசம்பர் 16 அன்று, சும்மா விடுவித்தார்கள். அதே நாளில் ரூல் 5 டிராஃப்டில் (மற்ற அணிகளின் மைனர் லீக் வீரர்களை எடுத்துக்கொள்ளும் தேர்வு) ஹோசே மோர்பன் என்ற ஷார்ட்ஸ்டாப்பை எடுத்து, காலியான இடத்தில் சேர்த்தார்கள். மோர்பன் ட்வின்ஸுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மறுவருஷம் பால்டிமோரில் ஆடினார். அதுதான் மேஜர் லீக்கில் அவருடைய ஒரே சீசன்.

சாண்டோ டொமிங்கோ உணவகம் ஒன்றில் ஓர்ட்டிஸை வாட்டத்தோடு பார்த்ததாகவும், உடனே ரெட் சாக்ஸ் ஆட்களுக்குப் போன் போட்டதாகவும் ரெட் சாக்ஸின் நட்சத்திர பிட்ச்சர் (பந்து வீசுபவர்) பெட்ரோ மார்ட்டினஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். ரெட் சாக்ஸ் 12.5 லட்சம் டாலருக்கு எடுத்தது, ஜனவரியில். அதுவும் நிச்சயமான இடத்துக்கு இல்லை. அதே குளிர்காலத்தில் ஜெரமி ஜியாம்பியையும் வாங்கிவைத்திருந்தார்கள். கெவின் மில்லாரும் வந்தார். ஷே ஹில்லன்பிராண்ட் ஏற்கனவே இருந்தார். மே கடைசியில் ஹில்லன்பிராண்டை அரிசோனாவுக்கு அனுப்பிய பிறகுதான் ஓர்ட்டிஸுக்குத் தினமும் ஆட இடம் கிடைத்தது. அந்த வருஷம் 31 ஹோம் ரன்.

இதில் என்னை உறுத்துவது இதுதான். கிளட்ச் என்பது ஒருவரின் ரத்தத்தில் ஓடுகிற குணம் என்றால், 2002 டிசம்பரில் அது எங்கே இருந்தது? இருபத்தேழு வயது. மேஜர் லீக்கில் ஆறு சீசன் கண்டவர். அந்த அக்டோபரில் ட்வின்ஸோடு பிளேஆஃப் ஆடியவர். முப்பது அணி, ஒவ்வொன்றிலும் ஒரு படை ஸ்கவுட்டுகள். மனிதனின் முழங்கால் எந்தக் கோணத்தில் வளைகிறது என்பதுவரை எழுதிவைக்கிறவர்கள். ரெட் சாக்ஸ் வரலாற்றிலேயே மிகச் சிறந்த கிளட்ச் பேட்டர் என்று 2005இல் பலகை கொடுத்துக் கொண்டாடப்பட்ட ஆளிடம், அதற்கு மூன்று வருஷம் முன்பு அப்படி ஒன்று இருப்பதாக ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பனிமூட்டம்

கிளட்ச் திறமையை முதலில் முறையாகத் தேடியவர்களில் ஒருவர் டிக் கிரேமர். தொழில் மருந்து வேதியியல், பொழுதுபோக்கு பேஸ்பால் புள்ளிவிவரம். 1977இல் அவர் செய்தது எளிமையான காரியம். 1969, 1970 என இரண்டு சீசனை எடுத்துக்கொண்டார். இக்கட்டான நேரத்தில் தன் வழக்கத்தைவிட அதிகமாகச் சாதித்தவர்கள் முதல் வருஷத்தில் யார், இரண்டாம் வருஷத்தில் யார் என்று பார்த்தார். அது திறமையென்றால் அதே ஆட்கள் மறுபடி வர வேண்டும். வரவில்லை. இந்த வருஷத்துப் பட்டியலை வைத்து அடுத்த வருஷத்துப் பட்டியலைச் சொல்ல முடியவில்லை. கிளட்ச் பேட்டர் என்று யாரும் இல்லை என்று எழுதினார்.

சாப்பாட்டு மேசையில் நான் வீசிய வாதம் இதன் வாரிசுதான். அதன் பலம் எங்கே இருக்கிறது, பலவீனம் எங்கே இருக்கிறது என்பது ஒரு சின்னக் கணக்கில் தெரியும். .300 அடிக்கிற நல்ல பேட்டர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீசனில் அவருக்கு இக்கட்டான வாய்ப்பு 100 வருகிறது. அவரிடம் எந்த விசேஷ குணமும் இல்லை, எப்போதும் ஒரே மாதிரி அடிக்கிறார். அப்படியிருந்தும் அந்த நூறில் அவருடைய சராசரி .254க்கும் .346க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம்; மூன்று பேரில் ஒருவருக்கு அதையும் தாண்டி வெளியே விழும். வெறும் தற்செயல் செய்கிற வேலை இது. .254 அடித்தவரைப் பத்திரிகை கோழை என்று எழுதும், .346 அடித்தவருக்கு நெஞ்சில் பனிக்கட்டி என்று எழுதும். இரண்டு பேரும் ஒரே ஆள்.

சரி, இதை இன்னொரு பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். தற்செயல் இவ்வளவு பெரிதாக ஆடுகிற இடத்தில், உண்மையிலேயே ஒருவருக்குப் பத்துப் பதினைந்து புள்ளி (.300க்குப் பதில் .310, .315) அதிகத் திறமை இருந்தால் அது கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. பில் ஜேம்ஸ் சொன்னதும் இதுதான். பேஸ்பால் புள்ளிவிவரத்துக்கே பெரியப்பா மாதிரியான மனிதர், பல வருஷம் கிரேமரின் முடிவை ஏற்றுக்கொண்டிருந்தவர். கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, அந்தச் சோதனை முறையே போதாது என்று எழுதினார். மூடுபனியில் நிற்கும் காவலாளிக்கு யாரும் தென்படவில்லை என்றால், எதிரே யாரும் இல்லை என்று பொருளில்லை. பனி கனமாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். இதை அவர் எழுதியபோது சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது ரெட் சாக்ஸிடம். 2002 நவம்பரில் ஆலோசகராகச் சேர்ந்திருந்தார். ஓர்ட்டிஸ் வந்து சேர்ந்ததும் அதே குளிர்காலத்தில்தான்.

அதற்குப் பிறகு இன்னும் நுணுக்கமான ஆய்வுகள் வந்தன. ஏதோ கொஞ்சம் இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது, ஒரு தனி ஆட்டக்காரரைக் காட்டி இவரிடம் இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது என்பதுதான் இப்போதைய நிலை. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. மனிதர்கள் எல்லோரும் பதற்றத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள் என்று நம்புவது கடினம். ஆனால் மேஜர் லீக் வரை வந்து சேர்ந்தவர்களில் பதறி உறைந்துபோகிறவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? அவர்களை வடிகட்டும் வேலையை மைனர் லீக்கின் பேருந்துப் பயணங்களும் காலி அரங்குகளும் முன்பே செய்துவிடும்.

டெரெக் ஜீட்டரைப் பாருங்கள். அக்டோபருக்கென்றே பிறந்தவர் என்று நியூயார்க்கில் சொல்வார்கள். சீசனில் அவருடைய சராசரி .310. பிளேஆஃபில் 158 ஆட்டம், கிட்டத்தட்ட ஒரு முழு சீசன், .308. எந்த மாற்றமும் இல்லை. என் நண்பரிடம் இதைக் காட்டினால் ஜீட்டர் பாஸ்டனின் பரம எதிரியான யாங்கீஸ் அணி ஆள் என்பதால் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார். ஆனால் நான் ஒரு விஷயத்தைச் சேர்த்தாக வேண்டும். அக்டோபரில் எதிரே நிற்கும் பிட்ச்சர் ஜூனில் வருகிற பிட்ச்சர் இல்லை. மோசமான அணிகள் வீட்டுக்குப் போய்விட்டன, ஐந்தாவது ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்ச்சர்களில் கடைசி ஆள்) பெஞ்சில், எட்டாம் இன்னிங்ஸில் எதிரணியின் ஆகச் சிறந்த ரிலீவர் (நடுவில் வந்து வீசும் பிட்ச்சர்). எல்லோருக்கும் எண்கள் இறங்க வேண்டிய இடத்தில் ஒருவருக்கு இறங்கவில்லை என்றால், மாறாமல் இருந்ததே ஒரு சாதனைதான். ஓர்ட்டிஸுக்கும் இதே கதை: சீசனில் .286, பிளேஆஃபில் .289.

நடக்காமல் போன ஒரு டிரேட்

2003 அக்டோபர் 16. யாங்கீ ஸ்டேடியம், ரெட் சாக்ஸ்-யாங்கீஸ் பிளேஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ். ரெட் சாக்ஸின் டிம் வேக்ஃபீல்ட் வீசிய முதல் பந்தை யாங்கீஸின் ஏரன் பூன் இடது பக்க இருக்கைகளுக்கு அனுப்பினார். ரெட் சாக்ஸ் வீட்டுக்குப் போனது. பூன் அந்தத் தொடர் முழுக்கத் தடுமாறியவர். அன்றைய ஆட்டத்தில் தொடக்கத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு என்ரிக்கே வில்சனை இறக்கியிருந்தார்கள். எட்டாம் இன்னிங்ஸில் வேறொருவருக்காக ஓட வந்த ஆள் அவர். அந்த ஓர் அடிக்குப் பிறகு பாஸ்டனில் அவர் பெயருக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டது. என் நண்பர் இன்றும் அதைச் சேர்த்துத்தான் சொல்வார்.

ஜனவரியில் அதே பூன் கூடைப்பந்து ஆடப்போய் முழங்காலை உடைத்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் தடைசெய்யப்பட்ட விளையாட்டு. அக்டோபர் நாயகனை பிப்ரவரியில் யாங்கீஸ் விடுவித்துவிட்டது.

இதற்கு நடுவில், டிசம்பரில், அந்தக் காலத்தின் ஆகப் பெரிய வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. டெக்சஸ் அணியின் நட்சத்திரம் அலெக்ஸ் ராட்ரிகஸ் பாஸ்டனுக்கு வருகிறார். பதிலுக்கு டெக்சஸுக்கு ரெட் சாக்ஸின் மேனி ரமிரெஸ் போகிறார். கூடவே ரெட் சாக்ஸின் செல்லப் பிள்ளை நோமார் கார்சியாபாரா சிகாகோவுக்குப் போய், அங்கிருந்து மக்லியோ ஆர்டோன்யெஸ் வருகிறார். ஏறத்தாழ முடிந்த விஷயம். ராட்ரிகஸே வர ஆசைப்பட்டு, தன் 25.2 கோடி டாலர் ஒப்பந்தத்தின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளவும் தயாரானார். ஆட்டக்காரர் சங்கம் அந்தக் குறைப்பை ஏற்கவில்லை. டிரேட் செத்தது. பிப்ரவரியில் பூனின் உடைந்த முழங்கால் காலி செய்த மூன்றாம் பேஸில் நிற்க, ராட்ரிகஸ் யாங்கீஸுக்குப் போனார்.

அந்த பிப்ரவரியில் பாஸ்டன் துக்கம் அனுசரித்தது என்று நண்பர் சொல்வார். எட்டு மாதம் கழித்து என்ன நடந்தது என்பது ஊரறிந்தது: யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தோற்று, நான்காவதில் பன்னிரண்டாம் இன்னிங்ஸில் ஓர்ட்டிஸின் ஹோம் ரன், ஐந்தாவதில் பதினான்காம் இன்னிங்ஸில் ஓர்ட்டிஸின் சிங்கிள், பிறகு 86 வருஷத்துக்குப் பின் கோப்பை. இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர் யார் தெரியுமா? டெக்சஸுக்குப் போயிருக்க வேண்டிய மேனி ரமிரெஸ். அந்தப் பேச்சில் அடிபட்ட பெயர்களில் இன்னொன்று ஜான் லெஸ்டர் என்று பின்னாளில் செய்திகள் வந்தன; அப்போது கீழ்மட்ட மைனர் லீக்கில் இருந்த இடதுகைப் பையன். 2007இல் கோப்பையை உறுதிசெய்த ஆட்டத்தை வீசியவர், 2013 வேர்ல்ட் சீரிஸில் இரண்டு வெற்றி கண்டவர். டிசம்பரில் நாம் 'முட்டாள்தனம், விட்டுவிட்டார்கள்' என்று கத்துகிற டிரேட்களில் எத்தனை இப்படியோ.

22க்கு 2

பேச்சு உண்மையிலேயே திரும்பியது 2013 பற்றிப் பேசியபோதுதான். ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு. ஊரே அந்த அணியைப் பிடித்துக்கொண்டு நின்ற வருஷம். அக்டோபரில் டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிரான பிளேஆஃப் தொடர். முதல் ஆட்டத்தில் ரெட் சாக்ஸ் ஒரே ஒரு ஹிட் எடுத்து 1-0 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டம், அக்டோபர் 13, பாஸ்டனின் ஃபென்வே அரங்கம். டைகர்ஸ் பிட்ச்சர் மேக்ஸ் ஷெர்ஸர் ஏழு இன்னிங்ஸில் 13 பேரை ஸ்டிரைக் அவுட் செய்துவிட்டு இறங்கினார். எட்டாம் இன்னிங்ஸில் 5-1 பின்தங்கல். ஒருவர் அவுட்டான பிறகு மிடில்புரூக்ஸ் டபுள் (இரண்டாம் பேஸ் வரை போன அடி), எல்ஸ்பரி வாக் (அடிக்காமலே கிடைத்த முதல் பேஸ்), விக்டோரினோ அவுட், பெட்ராயா சிங்கிள். பேஸ் நிறைந்தது, இரண்டு அவுட். டைகர்ஸ் தன் குளோசர் (ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்ச்சர்) ஹொவாக்கின் பென்வாவைக் கொண்டுவந்தது. முதல் பந்து, மெதுவாக வந்த சேஞ்சப். ஓர்ட்டிஸ் அடித்த அடி வலப்பக்க புல்பென்னை (மாற்று பிட்ச்சர்கள் தயாராகும் இடம்) நோக்கிப் போனது. பிடிக்கப் பாய்ந்த டோரி ஹன்டர் சுவரைத் தாண்டித் தலைகீழாக விழுந்தார். புல்பென்னில் நின்ற போலீஸ்காரர் இரண்டு கையையும் தூக்கி நின்ற படத்தை இந்த ஊரில் பார்க்காதவர் கிடையாது. 5-5. அடுத்த இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் வென்றது.

நான் நண்பருக்கு முன்னால் ஒரு எண்ணை வைத்தேன். அந்தத் தொடரில் ஓர்ட்டிஸ் அடித்தது 22க்கு 2, அதாவது 22 முயற்சியில் இரண்டே ஹிட். சராசரி .091. அந்த கிராண்ட் ஸ்லாமை (பேஸ் நிறைந்தபோது அடிக்கும் ஹோம் ரன்) எடுத்துவிட்டால் ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு ஹிட். பத்து நாள் கழித்துத் தொடங்கிய வேர்ல்ட் சீரிஸில் 16க்கு 11, .688, தொடரின் சிறந்த ஆட்டக்காரர். ஒரே மாதம், ஒரே மனிதர், ஒரே நெஞ்சு. கிளட்ச் என்பது அவருக்குள் இருக்கிற பொருள் என்றால் அது எந்த வாரத்தில் இருந்தது, எந்த வாரத்தில் இல்லை? மிடில்புரூக்ஸும் எல்ஸ்பரியும் பெட்ராயாவும் பேஸில் நிற்கவில்லை என்றால் அந்த அடிக்கே இடமில்லையே, அவர்களுக்குப் பலகை எங்கே?

அவர் மறுக்கவே இல்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது, சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். 22க்கு 2 என்பது தெரியும் என்றார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "நீ எப்போதும் அவன் அடுத்த தடவை அடிப்பானா என்று கேட்கிறாய். நான் அன்றைக்கு அவன் அடித்தான் என்கிறேன். உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு அது கேள்வியும் இல்லை."

இதை வைத்துக்கொண்டு பல நாள் சுற்றினேன். கிரேமரிலிருந்து இன்றுவரை எண் பார்க்கிற நாங்கள் எல்லோரும் கேட்பது எதிர்காலத்தைப் பற்றி. மறுபடி வருமா, கணிக்க முடியுமா, பணம் கொடுக்கலாமா. அவர் பேசுவது நடந்து முடிந்ததைப் பற்றி. பென்வாவின் அந்தப் பந்து ஒருமுறைதான் வீசப்பட்டது, அதை ஒருவர் அடித்தார், அந்த அடி ஒரு தொடரைத் திருப்பியது. அதை விவரிக்க அவருக்கு ஒரு சொல் தேவை. அது திறமையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய அடி அடித்த பூனுக்கும் அந்தச் சொல்லைக் கொடுக்கலாம், அதற்காக அவரை அடுத்த வருஷம் நான்காவது இடத்தில் பேட் செய்ய விட வேண்டியதில்லை.

ஆனால் நண்பரை இதோடு தப்பவிடவும் எனக்கு மனமில்லை. ஏனென்றால் டிசம்பரில் அவரே இந்த வேலியைத் தாண்டுகிறார். 'அவன் அக்டோபரில் கை நடுங்குவான்' என்பது நடந்ததைப் பற்றிய வாக்கியமே இல்லை, பச்சையான ஜோசியம். நடந்ததைக் கொண்டாட ஓர்ட்டிஸை எடுத்துக்கொள்கிறார், வரப்போவதைத் தீர்ப்பளிக்கவும் அதே சொல்லை எடுத்துக்கொள்கிறார். முதலாவதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இரண்டாவதில்தான் ஒரு மனிதனின் பெயர் கெடுகிறது. இதைச் சொன்னபோது சிரித்தார். குளிர்காலத்தில் வேறு என்ன செய்வது என்றார்.

அட்டையில் இல்லாத கட்டம்

பிராஸ்பெக்ட் விஷயத்தில் இதே குழப்பம் தலைகீழாக நடக்கிறது. ஸ்கவுட்டுகள் ஒரு பையனுக்கு 20லிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி, 80 என்றால் தலைமுறைக்கு ஒருவர். அடிக்கும் கை, பலம், ஓட்டம், தடுப்பு, எறி என்று தனித்தனியாக. குணத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதுவார்கள். ஆனால் அந்த அட்டையில் அக்டோபருக்கென்று ஒரு கட்டம் கிடையாது. நடந்தது எதுவுமே இல்லாத, வரப்போவது மட்டுமே உள்ள ஆள் அவன். டிசம்பரில் ஓர் அணி பெரிய நட்சத்திரத்தைக் கொடுத்து நான்கு பையன்களை வாங்கும்போது, நடந்ததை விற்று வரப்போவதை வாங்குகிறது. எதிரணி அதன் மறுபக்கம்.

வரப்போவது எப்படியெல்லாம் வரும் என்பதற்கு அணி நிர்வாகி டேவ் டோம்பிராவ்ஸ்கி செய்த இரண்டு டிரேட் போதும். 2007 டிசம்பரில், டைகர்ஸில் இருந்தபோது, மிகல் கப்ரேராவை வாங்க ஃப்ளோரிடா அணிக்கு ஆறு பேரைக் கொடுத்தார். அதில் இரண்டு பேர், கேமரன் மேபினும் ஆண்ட்ரூ மில்லரும், நாட்டின் தலைசிறந்த பிராஸ்பெக்ட்டுகள். கப்ரேரா 2012இல் ட்ரிபிள் கிரவுன் (பேட்டிங்கின் மூன்று முக்கியக் கணக்கிலும் முதலிடம்) வென்றார். மில்லர் ஸ்டார்ட்டராகத் தோற்று, அணி மாறி, ரிலீவராக மறுபிறவி எடுத்து, 2016 அக்டோபரில் கிளீவ்லண்டுக்காக யாராலும் தொட முடியாதவராக இருந்தார். அவரை விற்ற டெட்ராய்ட்டுக்கும் பயனில்லை, வாங்கிய ஃப்ளோரிடாவுக்கும் பயனில்லை. 2016 டிசம்பரில், அதே டோம்பிராவ்ஸ்கி ரெட் சாக்ஸில். பிட்ச்சர் கிறிஸ் சேலை வாங்க யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உட்பட நான்கு பேர். மொன்காடாவைக் கொடுத்ததற்கு இங்கே அன்று பலர் வயிற்றெரிச்சல் பட்டார்கள். 2018இல் வேர்ல்ட் சீரிஸின் கடைசி அவுட்டை வீசியவர் சேல். மொன்காடா அதே வருஷம் 217 முறை ஸ்டிரைக் அவுட் ஆனார், அடுத்த வருஷம் .315 அடித்தார். இதைப் பார்த்து ஒரு விதி கண்டுபிடிக்க முயன்றால் பைத்தியம்தான் பிடிக்கும்.

பணம் மட்டும் இதில் தெளிவாக நடந்துகொள்கிறது. ராட்ரிகஸ் 2006 பிளேஆஃபில் டெட்ராய்ட்டுக்கு எதிராக 14க்கு 1. கடைசி ஆட்டத்தில் அவரை எட்டாவதாக பேட் செய்ய அனுப்பி அவமானப்படுத்தினார்கள். அக்டோபரில் உதவாத ஆள் என்று நியூயார்க் முழுக்கப் பேச்சு. 2007 சீசனில் 54 ஹோம் ரன் அடித்தார். அந்த டிசம்பரில் அதே யாங்கீஸ் அவருக்குக் கொடுத்தது பத்து ஆண்டுக்கு 27.5 கோடி டாலர். ஓர்ட்டிஸ், பலகை வாங்கிய சூட்டோடு 2006இல் கையெழுத்திட்டது நான்கு ஆண்டுக்கு 5.2 கோடி. ஒருவர் தடுப்பாட்டமும் ஆடுகிறவர், மற்றவர் பேட் மட்டும் பிடிக்கிறவர் என்பது உண்மை. அதைக் கழித்தாலும் கிளட்ச்சுக்கென்று யாரும் தனி விலை வைக்கவில்லை என்று தெரிகிறது. ராட்ரிகஸ் 2009 பிளேஆஃபில் .365, ஆறு ஹோம் ரன், கோப்பை. முன்பு கை நடுங்குகிறது என்று எழுதியவர்கள், இப்போது மனம் தெளிந்துவிட்டார் என்று எழுதினார்கள்.

நண்பர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. எட்டாம் இன்னிங்ஸ், பேஸ் நிறைந்திருக்கிறது, நான்கு ரன் பின்தங்கல், உன் எண்ணெல்லாம் இருக்கட்டும், யாரை அனுப்புவாய்? ஓர்ட்டிஸைத்தான் அனுப்புவேன். அவர் வெற்றிச் சிரிப்பு சிரிப்பார். ஆனால் நான் அனுப்புவது 2004க்காக இல்லை. 2013 சீசனில் அவர் .309 அடித்து 30 ஹோம் ரன் எடுத்திருந்தார், எதிரே நிற்பவர் வலதுகை பிட்ச்சர், ஓர்ட்டிஸ் இடதுகை பேட்டர். ஏப்ரலில் திங்கட்கிழமை ராத்திரி பாதி அரங்கம் காலியாக இருந்தாலும் அந்த இடத்துக்கு நான் அவரைத்தான் அனுப்புவேன். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் போனில் அடுத்த வதந்தியைப் படிக்க ஆரம்பித்திருப்பார்.